மேல்வீட்டு மச்சினன்

என் மச்சினனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது, கூடவே இருந்து வயிறெரிந்தவன் சொல்லக்கூடியது.

அவன் என் மனைவியின் தம்பி. உல்லாசப் படகு ஒன்றில் சுக்கான் பிடிக்கிறான். காலையில் துறையிலிருந்து கிளம்பி, கடலுக்குள் போய், பறவைத் தீவுகளைச் சுற்றிக் காட்டி, மத்தியானம் நங்கூரம் போட்டுச் சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் கால்வாய் வழியாக ஊருக்குள் கொண்டுவந்து இறக்கிவிடுகிற படகு. அதே படகில் நான் இன்ஜின்காரன். அவன் இருப்பது மேல்தளத்தில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறையில். நான் இருப்பது தளத்துக்கு அடியில், இரும்பு மூடியைத் தூக்கி ஏணியில் இறங்கினால் வருகிற பொந்தில். வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமாகாதவன், தனியாக எங்கே கிடந்து கஷ்டப்படுவான் என்று என் மனைவி மாடி அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டாள். பகலெல்லாம் தலைக்கு மேலே நின்று மணி அடிக்கிறவன், வீட்டுக்கு வந்தால் தலைக்கு மேலே நடந்து தூக்கத்தைக் கெடுக்கிறான். படகில் எல்லோரும் அவனைக் கேப்டன் என்பார்கள். என்னைக் கீழ்வீட்டுக்காரர் என்பார்கள். கேட்டால் மரியாதையாம்.

மணி என்றேனே, அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் படகு பழைய மாடல். சுக்கான் மேலே, வேகம் கீழே. மேலே ஒரு கைப்பிடியை இழுத்தால் கம்பி வழியாக என் காதுக்குப் பக்கத்தில் வெண்கல மணி அடிக்கும். ஒரு அடி என்றால் மெதுவாக. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் பின்னால். விடாமல் அடித்தால் முழு வேகம். மணி கேட்டதும் நான் லிவரைத் தள்ளவோ இழுக்கவோ வேண்டும். எதற்கு, ஏன் என்று கேட்க முடியாது. எதிரே பாறையா, பறவையா, பக்கத்துப் படகா, ஒன்றும் எனக்குத் தெரியாது.

அவனை இந்தப் படகில் சேர்த்துவிட்டதே நான்தான். செருப்புக் கடையில் ஆறு மாதம், அச்சகத்தில் நாலு மாதம் என்று எங்கேயும் ஒட்டாமல் திரிந்துகொண்டிருந்தான். "தம்பிக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்று மனைவி நச்சரித்தாள். முதலாளியிடம் சொல்லி, கயிறு வீசுகிற வேலைக்குச் சேர்த்தேன். பழைய சுக்கான்காரர் ஓய்வு பெற்றபோது, அந்த இடம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகச்சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்கே போனேன்.

"நீங்க மேல போயிட்டா இன்ஜினை யார் பாக்கிறது? உங்க கை பட்டாத்தானே அது ஓடுது" என்றார் முதலாளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க மச்சினனுக்கு முகவெட்டு இருக்கு, பேச்சு இருக்கு. அவன் மேல நின்னா டிக்கெட் போகும்" என்றார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது எவ்வளவு உண்மை. வேலை தெரிந்தவன் வேலையோடேயே சாக வேண்டியதுதான்.

எனக்குப் பொறாமை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமைதான். கலப்படமே இல்லாத பொறாமை. காலையில் என் மனைவி அவனுடைய வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து வைப்பாள். என் சட்டையைக் காட்டினால், "அதைத் தேய்ச்சு என்ன பிரயோஜனம்? கீழ போய்க் கரியாக்கிட்டுத்தானே வரப்போறீங்க" என்பாள். சாப்பாட்டு டப்பாவில் அவனுக்கு உடையாத முட்டை, எனக்கு உரிக்கும்போது பிய்ந்த முட்டை. இதையெல்லாம் ஒரு ஆம்பிளை சொல்லிக் காட்டலாமா என்று கேட்பீர்கள். பிய்ந்த முட்டையைத் தின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

படகில் அவனிடம் மைக் இருக்கிறது. ஒலிபெருக்கி ஒன்று என் பொந்திலும் இருக்கிறது. "எல்லாரும் இடது பக்கம் பாருங்க! பாறை மேல கறுப்பா உக்காந்திருக்கே, நீர்க்காகம். துணி காயப்போட்ட மாதிரி றெக்கையை விரிச்சு வச்சிருக்கு பாருங்க" என்பான். என் தலைக்கு மேலே அத்தனை பேரும் ஆகா, ஓகோ என்று இடது பக்கம் ஓடுவார்கள். படகு லேசாகச் சாயும். தட்டில் வைத்த என் டீ டம்ளர் நகரும். டம்ளர் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் பறவை. முதல் தீவு வெறும் பாறை, அதன் எச்ச நாற்றம் காற்றுக் குழாய் வழியாக முதலில் எனக்குத்தான் வரும். இரண்டாவது மணல் திட்டு, ஆயிரக்கணக்கில் ஆலாக்கள் முட்டையிட்டுக் கத்துகிற இடம். மூன்றாவதில் மரங்கள், மரமெல்லாம் கூழைக்கடா. தீவுகளைச் சுற்றும்போது நிமிஷத்துக்கு ஒரு மணி அடிப்பான், லிவரை விட்டு நான் நகர முடியாது. இத்தனை வருஷமாகப் பறவைத் தீவுக்குப் போய்வருகிறேன், பறவைகள் எனக்குக் காட்டியது அவற்றின் எச்சத்தை மட்டும்தான்.

ஆனால் அவனிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. கால்வாயின் வளைவு.

சாயங்காலம் நாங்கள் கால்வாய்க்குள் நுழையும்போது கடற்காற்றோடு சேர்ந்து கடல் தண்ணீரும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து தள்ளும். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். நடுவில், தண்ணீர் இறைக்கிற பழைய பம்பு வீட்டுக்குப் பக்கத்தில், கால்வாய் முழங்கையை மடக்கின மாதிரி திரும்பும். அதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்காவிட்டால் மூக்கு சுவரில் போய் இடிக்கும். மச்சினன் சுக்கான் பிடித்த புதிதில் ஒருநாள் மணியைத் தாமதமாக அடித்து, பக்கப் பலகை முழுக்க உரசிவிட்டான். அன்றிலிருந்து நான் அவனை நம்புவதில்லை. சுவர் நெருங்க நெருங்க இன்ஜின் சத்தம் கனத்துக்கொண்டே வரும், பிறகு பம்பு வீட்டின் அதிர்வு தரைப்பலகையில் தெரியும். அது காலில் பட்டதுமே, மணி வந்தாலும் வராவிட்டாலும், லிவரை இழுத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவன் அந்த இடத்தில் மணி அடிப்பதையே விட்டுவிட்டான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மைக்கில் ஒரு கதை வேறு கட்டினான்.

"இப்ப பாருங்க, நான் ஒண்ணுமே செய்யல. இந்த வளைவுல கால்வாய்த் தண்ணியே நம்ம படகைப் பிடிச்சு மெதுவாக்கும். இதுதான் இந்தக் கால்வாயோட அதிசயம்!"

மேலே கைதட்டல். பின்னாலிருந்து தள்ளுகிற தண்ணீர் எப்படியடா பிடிக்கும், முட்டாப்பயலே என்று நான் கீழே பல்லைக் கடிப்பேன். அவன் உண்மையாகவே அப்படி நம்புகிறான் என்றுதான் நினைத்தேன். அவனுடைய அதிசயமே நான்தான் என்பது அவனுக்குத் தெரியாது என்ற நினைப்பு எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? சொல்லவில்லை. என்றைக்காவது ஒருநாள், சபையில் வைத்து, அவன் மூக்கு உடைகிற மாதிரி போட்டு உடைக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

அந்த நாள் என் மகளின் பரீட்சை நாளாக வந்து தொலைத்தது.

எனக்கு ஒரே மகள். படித்து முடித்ததும் படகு ஓட்டப்போகிறேன் என்றாள். பூரித்துப் போனேன். "வா, இன்ஜினை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுக் காட்டுறேன்" என்றேன்.

"கீழ எனக்கு மூச்சு முட்டும்ப்பா. நான் மாமாகிட்ட சுக்கான் கத்துக்கப் போறேன்" என்றாள்.

ஏற்கெனவே என் இடத்தைப் பிடித்தான். சரி. என் பெண்டாட்டியின் உடையாத முட்டையைப் பிடித்தான். சரி. இப்போது என் பிள்ளையையுமா? விடுமுறைக்கு விடுமுறை அவனோடு மேலே நின்று சுக்கான் பழகினாள், மணியை மட்டும் அவனே அடிப்பான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடும்போது மாமா, கை கழுவும்போது மாமா. முதலாளி இரண்டாவதாக ஒரு படகு வாங்கிக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கிவிட்டால் அந்தப் படகு அவளுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கேட்டவர்கள் எல்லோரும் "மாமன் கொடுத்து வச்சவன், மருமகளை ஆளாக்கிட்டான்" என்றார்கள். பெற்றவன் ஒருத்தன் இருக்கிறான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

பரீட்சையன்று காலை, துறைக்கு மூன்று பேரும் நடந்து போனோம். எனக்கு ஒரு விஷயம்தான் மண்டையைக் குடைந்தது. வளைவில் தண்ணீர் தானாகப் பிடிக்கும் என்று இந்தப் பயல் இவளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தால்? மச்சினன் கொஞ்சம் முன்னால் போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"கால்வாய் வளைவுல என்னம்மா செய்வே?"

"மாமா எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காருப்பா. நீ ஏன் டென்ஷன் ஆகுறே?"

"இல்ல, அங்க ஒரு விஷயம்..."

"அப்பா, ப்ளீஸ். இன்னைக்கு எதையாவது புதுசா சொல்லிக் குழப்பாதே. மாமா சொன்ன மாதிரி செஞ்சாப் போதும்."

சுருக்கென்றது. போதுமா? போதட்டுமே. உன் மாமாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். பொறாமை பிடித்தவனுக்கு ரோஷம் வேறு வந்தால் அவன் உருப்படுவானா?

பரீட்சை எடுக்க வந்தது ஒரு அதிகாரியம்மா. குண்டான உடம்பு, சின்னக் கண்ணாடி, சிரிக்காத முகம். சட்டத்தைத் தெளிவாகச் சொன்னார். லைசென்ஸ் வைத்திருக்கிற என் மச்சினன் பக்கத்தில் நிற்கலாம். பயணிகளோடு மைக்கில் பேசலாம். என் மகளிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, சுக்கானையோ மணியையோ தொடக்கூடாது. அதைக் கேட்டதும் எனக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக மனசு குளிர்ந்தது. ஒருநாளாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும்.

கீழே இறங்கி இன்ஜினைக் கிளப்பினேன். மணி விடாமல் அடித்தது. அடித்த கை யாருடையது என்று சொல்லாமலே தெரிந்தது. மச்சினன் அடித்தால் இழுவையாக, கோயில் மணி போலக் கேட்கும். இது வெட்டு வெட்டாக, சுத்தமாகக் கேட்டது. என் மகள் எனக்கு இட்ட முதல் உத்தரவு. லிவரை முழுசாகத் தள்ளினேன். கண் கலங்கியதற்கு டீசல் புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் அன்று குளம் மாதிரி கிடந்தது. "பறக்கும் மீன்! வலது பக்கம்!" என்றான் மச்சினன் ஒலிபெருக்கியில். டம்ளர் வலது பக்கம் நகர்ந்தது. வெயில் ஏறி, இரும்பெல்லாம் சுட ஆரம்பித்தது. கடல் தண்ணீர் பச்சையாக, அடி மணல் தெரிகிற மாதிரி இருப்பதாக அவன் வர்ணித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த பச்சை, செம்புக் குழாயில் பிடித்த களிம்பு மட்டும்தான். முதல் தீவின் நாற்றம் வந்தது. ஒரு மணி. இழுத்தேன். ஆலாத் திட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மணி. நிறுத்தினேன். அங்கே மச்சினன் எப்போதும் கூட்டத்தைக் குஷிப்படுத்த இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போவான், பறவைகள் மிரண்டு மொத்தமாக எழும். இவள் தள்ளியே நிறுத்தினாள். பறவைகள் கத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தன. கீழே இருந்து பார்க்க முடியாவிட்டாலும் அந்தச் சத்தம் ஒரே சீராக இருந்ததிலிருந்து தெரிந்தது. அடேங்கப்பா, மாமனை மிஞ்சிவிட்டாளே என்று தொடையில் தட்டிக்கொண்டேன்.

மத்தியானம் மூன்றாவது தீவின் நிழலில் நங்கூரம் போட்டோம். இன்ஜின் நின்றதும் மேலே பேச்சும் சிரிப்பும் கேட்டது. நான் டப்பாவைத் திறந்தேன். வழக்கம்போலப் பிய்ந்த முட்டை. தின்று முடித்தபோது ரோஷமெல்லாம் கொஞ்சம் இறங்கியிருந்தது. என்ன இருந்தாலும் என் பிள்ளை. வளைவைப் பற்றிச் சொல்லிவிடலாம், அவள் கோபித்தாலும் பரவாயில்லை என்று ஏணியில் ஏறினேன். தலை மூடிக்கு மேலே வந்தது.

கண்ணாடி அறையின் வாசலில் அவள் நின்றிருந்தாள். மச்சினன் தன்னுடைய தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். பெரிதாக இருந்தது, காது வரை இறங்கியது. அவள் சிரித்துக்கொண்டே அதை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். சுற்றி நின்ற பயணிகள் "புதுக் கேப்டன்! புதுக் கேப்டன்!" என்று போட்டோ எடுத்தார்கள். ஒரு அம்மா அவனிடம், "உங்க பொண்ணா சார்?" என்று கேட்டாள்.

"பொண்ணு மாதிரிதான்" என்றான்.

அவன் அவளிடம் பேசவில்லை, சட்டத்தை மீறவில்லை. ஆனால் என் நெஞ்சில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்த மாதிரி இருந்தது. இதோ பெற்றவன் இருக்கிறேன், தரையிலிருந்து தலை மட்டும் முளைத்து நிற்கிறேன் என்று கத்தலாம் போல இருந்தது. கத்தவில்லை. வந்த வழியே இறங்கிவிட்டேன். மூடியையும் சாத்திக்கொண்டேன்.

கால்வாய் வாய்க்கு வந்ததும் அந்த மூடி திறந்தது. அதிகாரியம்மா மூச்சு வாங்க ஏணியில் இறங்கி வந்தார்.

"மேல பாக்க வேண்டியதைப் பாத்துட்டேன். கால்வாய்க்குள்ள மணியும் இன்ஜினும் எப்படி ஒத்துப்போகுதுன்னு இங்கிருந்துதான் பாக்கணும்" என்றார். பிறகு விரலை நீட்டி, "மணி அடிக்காம நீங்க லிவர்ல கை வைக்கக்கூடாது. புரியுதா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

சுவர்கள் நெருங்கின. இன்ஜின் சத்தம் கனக்க ஆரம்பித்தது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளியது. மணி இல்லை. ஒலிபெருக்கியில் மச்சினன் எதையோ பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். மணி இல்லை.

அந்தச் சில நொடிகளில் என் புத்தி போன போக்கைச் சொன்னால் வெட்கக்கேடு. விட்டுவிடு, மோதட்டும் என்றது ஒரு புத்தி. மோதினால் எல்லாம் வெளியே வரும். தண்ணீர் பிடிக்காது, கீழ்வீட்டுக்காரன்தான் பிடிக்கிறான் என்று முதலாளிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். இவ்வளவு நாளும் காத்திருந்தது இதற்குத்தானே? இன்னொரு புத்தி, மோதினால் கண்ணாடி அறைதான் முதலில் நொறுங்கும் என்றது.

தரைப்பலகை அதிர்ந்தது. பம்பு வீடு. மணி இல்லை. அந்த மடையன் சொன்னதை நம்பி, தண்ணீர் பிடிக்கும் என்று என் பிள்ளை மேலே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எனக்குச் சந்தேகமே இல்லை. அதிகாரியம்மா இருந்தால் இருக்கட்டும் என்று லிவரைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

என் கை லிவரில் இருக்கும்போதே மணி அடித்தது.

ஒரே அடி. வெட்டினாற்போல. சரியாக அடிக்க வேண்டிய இடத்தில்.

நான் முந்திவிட்டேன். அவள் கணக்குப் போட்டிருந்த வேகம் படகில் இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிற தண்ணீரில் வேகம் செத்தால் சுக்கான் பிடிக்காது, திருப்பினாலும் படகு திரும்பாது. படகின் மூக்கு அலைந்தது. மேலே யாரோ வீறிட்டார்கள். உடனே மணி விடாமல் அடித்தது. முழு வேகம்! தள்ளினேன். படகு ஒரு உதறு உதறித் திரும்பியது. பக்கத்தில் கட்டியிருந்த டயர்கள் சுவரில் கிறீச்சிட்டன. மறுபடியும் ஒரு மணி. இழுத்தேன். சத்தம் லேசானது. வளைவைத் தாண்டிவிட்டோம்.

அதிகாரியம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன ஐயா செஞ்சீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

துறையில் பயணிகள் இறங்கிப் போனபிறகு தளத்தில் வைத்தே முடிவைச் சொன்னார். மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கால்வாய் மட்டும் செல்லாது. வளைவில் படகு அவள் உத்தரவுப்படி போகவில்லை. தடுமாற்றத்தை நன்றாகச் சமாளித்தாள், ஆனால் தேர்வில் அந்தத் தடுமாற்றமே வந்திருக்கக்கூடாது. அடுத்த வாரம் கால்வாயை மட்டும் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும்.

"ஒரே நிபந்தனை" என்றார். "கீழே வேற ஆள் இருக்கணும்."

அவர் போனதும் நான் என் பொந்துக்குள் இறங்கிவிட்டேன். பின்னாலேயே என் மகள் இறங்கி வந்தாள். மூச்சு முட்டும் என்று சொல்லி வராதவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏன்ப்பா?"

"நீ அடிக்கல, அதனால..."

"அடிச்சேனே! பம்பு வீட்டுப் புகைக்கூண்டு நேரா வந்ததும் அடிச்சேனே! அதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

"நீ அடிக்க மாட்டேன்னு நினைச்சேம்மா. உன் மாமா அந்த இடத்துல அடிக்கிறதே இல்ல. தண்ணி தானா பிடிக்கும்னு அவன் நினைச்சிட்டிருக்கான். நான்தான் இத்தனை வருஷமா..."

இதைச் சொல்கிற நாள் இப்படி வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. சபை இல்லை, கைதட்டல் இல்லை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அது டூரிஸ்டுக்குச் சொல்றதுப்பா! மாமாவுக்குத் தெரியாதா? எனக்கு முதல் நாளே சொல்லிட்டாரே. 'அந்த வளைவுல நான் மணி அடிக்கிறதில்ல, அது என்னோட சோம்பேறித்தனம். கீழ உங்கப்பா இருக்காரு, நான் மறந்தாலும் அவரு பாத்துக்குவாரு. உனக்கு நாளைக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டான், அதனால நீ ஒழுங்கா அடிச்சிடணும்'னாரு."

என்னிடம் இருந்த ஒரே ஒரு ரகசியம், அது கூட அவனிடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதையும் அவன் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறான். நல்லவனாக வேறு இருந்து தொலைக்கிறானே, நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"மாமா முட்டாள்னு நினைச்சே, சரி. நானுமாப்பா?" என்றாள்.

அவள் ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் இறங்கி வந்தான். வெள்ளைச் சட்டையோடு ஏணியில் இறங்கப் பயந்து பயந்து கால் வைத்தான். தலையில் தொப்பி இல்லை.

"அத்தான், அடுத்த வாரம் கீழ நான் இறங்குறேன். முதலாளிகிட்ட பேசிட்டேன். நீங்க மேல அவ பக்கத்துல நில்லுங்க" என்றான்.

"எனக்கு லைசென்ஸ் இல்லையே."

"பழைய சுக்கான்காரர் வந்து நிக்கிறேன்னுட்டாரு, சட்டத்துக்கு அவர் போதும். நீங்க சும்மா அப்பாவா நில்லுங்க."

இத்தனை வருஷமாக எந்த இடத்துக்காக வயிறெரிந்தேனோ, அந்த இடத்தை அவனே தூக்கிக் கொடுக்கிறான். சந்தோஷம் வந்ததா? எங்கே வந்தது! அவள் மணி அடிக்கப் போகிறாள், அது இவன் காதில் விழப்போகிறது, இவன் கை பதில் சொல்லப்போகிறது என்பதுதான் முதலில் தோன்றியது. என் மணி அது. என் லிவர். என் பொந்து. மேலே நின்று நான் என்ன செய்யப்போகிறேன், பறவையை எண்ணவா?

"இது உனக்கு ஓட்ட வருமா?" என்றேன்.

"சொல்லிக் கொடுங்க."

எண்ணெய்த் துணியை அவன் கையில் திணித்தேன். லிவர் பாதியில் இறுகும், அங்கே தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும் என்று காட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். சட்டைக் கையெல்லாம் கரியானது. அதைப் பார்த்தும் எனக்கு ஆறுதல் வரவில்லை.

"இந்தா பாரு மாப்ளே" என்றேன். "அவ மணி அடிக்கிறதுக்கு முன்னாடி இதுல கை வச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

"வைக்க மாட்டேன் அத்தான்" என்றான், லிவரைப் பார்த்துக்கொண்டே. "அவ அடிப்பான்னு எனக்குத் தெரியுமே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிப் பேச அவனுக்குத் தெரியாது. நான் விளக்கை அணைத்துவிட்டு அவனுக்கு முன்னால் ஏணியில் ஏறினேன்.